அளவைத்தாளும் ஆயர் பணியும்: குருமாருக்கான உளநலப் பயிற்சி உரைகள் பற்றிய ஒரு திறனாய்வு

குருமாருக்கென நடத்தப்பெறும் புத்தொளிப் பயிற்சிகளில் உளவியல் மதிப்பீடு பற்றியும் உளநலப் பேணுதல் பற்றியும் உரைகள் இடம்பெறுவது இன்று ஏறத்தாழ வழக்கமாகிவிட்டது. காலையில் வேத ஆராய்ச்சி, நண்பகலுக்கு முன் சேகர நிர்வாகம், உணவுக்குப் பின் உளநலம் என்று நிகழ்ச்சி நிரல் அமைகிறது. மேய்ப்புப்பணி பற்றிய பாடத்தைக் கல்லூரியில் கற்பிக்கும் கடமையின் பொருட்டும், நாமும் ஒரு சேகரத்தின் ஆயராக இருந்தவர் என்ற முறையிலும், இத்தகைய உரைகளைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். அண்மையில் மூன்று நாள் பயிற்சியொன்றில் அடுத்தடுத்து ஐந்து உரைகளைக் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. அவற்றையும், முன்னர் நாம் கேட்ட பிறவற்றையும் ஒருங்கே எண்ணிப் பார்த்து, அவை எதைக் கற்பிக்கின்றன, எதைக் கற்பிக்காமல் விடுகின்றன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். உரையாற்றியோரின் பெயரையோ ஊரையோ நாம் குறிப்பிடப்போவதில்லை. குற்றங்காண்பதற்காக அன்று, இவ்வுரைகள் தொடர்ந்து நடைபெற வேண்டும் என்று விரும்புவதாலேயே எழுதுகிறோம். எடுத்துக்காட்டுகளில் வருவோரின் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறோம்.

1. உரைகளின் பயன்

முதலாவது, நன்றிக்குரியவற்றைச் சொல்ல வேண்டும். பெங்களூரிலுள்ள தேசிய மனநல மற்றும் நரம்பியல் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நம் நாட்டில் வயதுவந்தோரில் 100க்கு 10.6 பேர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்கின்றனர் என்று கண்டது. சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதோர், நோயின் வகைக்கேற்ப, 100க்கு 70 முதல் 92 வரை இருந்தனர். இவர்கள் சிகிச்சைக்குச் செல்லவில்லை என்பதால் எங்கும் செல்லவில்லை என்று பொருள் கொள்ளலாகாது. கோயிலுக்கும், தர்காவுக்கும், நம் ஆயர் இல்லங்களுக்கும் வந்துகொண்டுதான் இருக்கின்றனர். மருத்துவர் காணாத நோயாளியை முதலில் காண்பவர் பெரும்பாலும் சமயப் பணியாளரே.

அப்படி வந்தவர்களுக்கு நாம் என்ன செய்தோம்? பிசாசின் கட்டு என்றோம். விசுவாசக் குறைவு என்றோம். மறைத்து வைத்த பாவம் என்றோம். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் ஓட முடியாமல் மாண்டனர். அது பிற சமயத்தாரின் ஊரில் நிகழ்ந்தது என்று நாம் விலகி நிற்க இயலாது. நம்முடைய விடுதலை ஊழியக் கூடங்களிலும் கட்டப்பட்டுக் கிடந்தோர் உண்டு என்பதை நம்மில் பலர் அறிவோம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயுற்ற எவரையும் எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தலைத் தடைசெய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு உள்ளானவராகவே முதலில் கருதவேண்டும் என்றும் கூறுகிறது. அச்சட்டத்தைக் குருமாருக்கு எடுத்துரைத்த உரை, நாம் கேட்ட ஐந்தில் மிகச் சிறந்தது. அதைக் கேட்டபின், தற்கொலையால் இறந்தோருக்கு அடக்க ஆராதனை நடத்தத் தயங்கும் வழக்கத்தைக் குறித்துக் குருமார் தாமாகவே விவாதிக்கத் தொடங்கினர்.

நம் சொந்தத் தவறொன்றையும் இங்கே மறைக்காமல் எழுதுவது முறை. நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில், நம் சேகரத்திலிருந்த ஆசிரியர் ஒருவர் ஆராதனைக்கு வருவதை நிறுத்தினார். உறக்கமில்லை, உணவு செல்லவில்லை, உடல் மெலிந்தது. பள்ளிக்கும் செல்லாமல் வீட்டினுள் சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். நாம் சென்று, விசுவாசிக்கு இத்தகைய சோர்வு தகாது என்று கடிந்து, ஒரு சங்கீதத்தை வாசித்து, செபித்துத் திரும்பினோம். அவர் பிழைத்தது நம்மாலன்று. அவருடைய மைத்துனர் ஊருக்கு வந்தவர், அன்றிரவே அவரைப் பேருந்திலேற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். பின்னாளில் அவர் நம்மிடம் மனத்தாங்கலின்றிப் பேசினார். எனினும் நம் செபத்தைக் கேட்டபோது தாம் இன்னும் ஆழத்தில் அமிழ்ந்ததாகச் சொன்னார். இத்தகைய உரை ஒன்றையேனும் நாம் அக்காலத்தில் கேட்டிருந்தால் அவரை அப்படிக் கடிந்திருக்க மாட்டோம். ஆகையால் இவ்வுரைகள் வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை. எப்படிப்பட்ட உரைகள் வேண்டும் என்பதே கேள்வி.

2. அளவைத்தாளும் எண்ணும்

நாம் கேட்ட உரைகளில் மூன்று, ஒரே வினாத்தாளை அடிப்படையாகக் கொண்டிருந்தன. பி.எச்.க்யூ.-9 எனப்படும் அவ்வளவையை அமெரிக்காவில் ஸ்பிட்சர், வில்லியம்ஸ், குரோயங்கே ஆகியோர், ஒரு மருந்து நிறுவனத்தின் நிதியுதவியுடன், பொது மருத்துவர்களின் பயன்பாட்டிற்கென உருவாக்கினர். அதன் ஏற்புடைமையை ஆராய்ந்த கட்டுரை 2001இல் வெளிவந்தது. கடந்த இரு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மனச்சோர்வு நோயை ஐயுற வேண்டும் என்பது பொதுவான வரம்பு. எளிய கருவி, இலவசமாகக் கிடைப்பது, உலகெங்கும் பயன்படுவது. கருவியின்மீது நமக்குக் குறையில்லை.

ஆனால் உரையாளர்கள் அத்தாளின் படிகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து, உங்கள் சபைகளில் பயன்படுத்துங்கள் என்று வழங்கிச் சென்றனர். ஐயுறுதல் வேறு, நோயென்று துணிதல் வேறு என்பதை ஓரிரு வாக்கியங்களில் சொல்லிக் கடந்தனர். அவ்வேறுபாடு எத்துணைப் பெரியது என்பதை ஒரு கணக்கால் காட்டியிருக்கலாம். அக்கணக்கை இங்கே தருகிறோம்.

1000 பேர் கொண்ட ஒரு சபையில் 50 பேருக்கு மனச்சோர்வு நோய் உண்மையாகவே இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேற்சொன்ன கட்டுரையின்படி, பத்து என்ற வரம்பில் இவ்வளவை நோயுற்றோரில் 100க்கு 88 பேரைச் சரியாகக் கண்டுகொள்கிறது. நோயற்றோரில் 100க்கு 88 பேரைச் சரியாக விலக்குகிறது. கேட்பதற்குச் சிறப்பாகவே தோன்றுகிறது. இப்போது கணக்கிடுவோம். நோயுற்ற 50 பேரில் 44 பேர் பிடிபடுவர். 6 பேர் தப்பிவிடுவர். நோயற்ற 950 பேரில் 12 விழுக்காடு, அதாவது 114 பேர், தவறாகப் பிடிபடுவர். ஆக, வரம்பைக் கடந்தோர் 158 பேர். அவர்களில் உண்மையான நோயாளர் 44 பேரே. நான்கு பேரைச் சுட்டிக்காட்டினால் ஏறத்தாழ மூன்று பேர் விஷயத்தில் நாம் தவறியிருப்போம். மருத்துவருக்கு இதனால் இடர் இல்லை. அவர் அந்த 158 பேரையும் தனித்தனியே அமரவைத்துப் பேசி ஆராய்ந்து முடிவு செய்வார். ஆயரிடம் தாள் மட்டுமே இருக்கிறது; அடுத்த படி இல்லை.

இதனால் நேர்ந்ததை நாம் கண்டோம். பயிற்சி முடிந்த சில வாரங்களில் ஒரு சேகரத்தில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தின் முடிவில் இத்தாள் வழங்கப்பட்டது; பெயரெழுதி வாங்கப்பட்டது. கணவரை இழந்து ஒன்றரை மாதமே ஆகியிருந்த ஒரு சகோதரி 14 புள்ளிகள் பெற்றார். உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை என்று அவர் குறித்த அனைத்தும் உண்மையே. துக்கத்தின் முகம் அதுவே. ஆயினும் தாள்களைக் கூட்டிக் கணக்கிட உதவிய உறுப்பினர் ஒருவர் வழியாகச் செய்தி வெளியே சென்றது. அவருடைய மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த திருமண ஒப்பந்தம் நின்றுபோனது. தாய்க்கு மனநோயாமே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டனராம். அச்சகோதரியைத் துக்க நாளில் பார்க்கச் சென்ற ஒருவரிடம் அவர், "நெஞ்சில் கல்லை வைத்தாற்போல இருக்கிறது, ஐயா" என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். அச்சொல் போதுமானதாக இருந்தது. அதற்குமேல் 14 என்ற எண் அவருக்கு என்ன நன்மையைச் செய்தது?

3. ஒன்பதாம் கேள்வி

இதைவிட ஆழ்ந்து நோக்க வேண்டியது வேறொன்று உண்டு. அவ்வளவையின் ஒன்பதாம் கேள்வி, இறந்துவிட்டால் நலம் என்றோ தம்மைத் தாமே துன்புறுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் எழுகிறதா என்று வினவுவது. உரைகளில் இக்கேள்வி மற்ற எட்டோடு ஒன்றாகவே வாசிக்கப்பட்டது. அதற்கென ஒரு நிமிடமும் ஒதுக்கப்படவில்லை.

நம்மிடம் பயின்று இப்போது ஆயராகப் பணிபுரியும் இளைஞர் ஒருவர், தம் வாலிபர் சங்கத்தில் இத்தாளை நிரப்பச் செய்தார். புள்ளிகளைக் கூட்டினார். பத்துக்கு மேற்பட்ட இருவரைச் சந்தித்துப் பேசினார். மற்றத் தாள்களைத் திருவுடை அறையின் அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குப்பின் வேறெதையோ தேடும்போது தாள்களைப் புரட்டியவர், மொத்தம் 7 புள்ளிகளே பெற்றிருந்த ஒரு மாணவன், ஒன்பதாம் கேள்விக்கு எதிரே மிக உயர்ந்த கட்டத்தில் குறியிட்டிருந்ததைக் கண்டார். அன்றிரவே அவன் வீட்டிற்குச் சென்றார். தேவனுக்கு ஸ்தோத்திரம், அவன் இருந்தான். தேர்வில் தோற்றதைத் தந்தையிடம் மறைத்து, சாவதற்கு ஒரு நாளையும் மனத்தில் குறித்து வைத்திருந்தான். மறுநாள் அவனை மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார். இன்று அவன் சிகிச்சையில் தேறி வருகிறான். அவ்வாயர் நம்மிடம் வந்து சொன்ன சொற்கள் இவை: "ஐயா, கூட்டுத்தொகையைத்தான் பார்த்தேன்; ஒன்பதாம் கேள்வியைப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவும் இல்லை."

இதைச் சொல்லாமல் விட்டதே இவ்வுரைகளின் பெருங்குறை என்று நாம் கருதுகிறோம். மொத்தப் புள்ளி எவ்வளவாயினும், ஒன்பதாம் கேள்விக்குச் சுழியம் அல்லாத எந்த விடையும் அன்றே, நேரிலே, தனிமையிலே விசாரிக்கப்பட வேண்டும் என்பது இவ்வளவையைப் பயன்படுத்துவோர் அறிந்திருக்க வேண்டிய முதல் விதி. கேட்டுவிட்டு விடையைப் பாராதிருப்பது, கேளாதிருப்பதிலும் கொடிது; ஏனெனில் கேட்கப்பட்டவன் தான் சொல்லிவிட்டதாக நினைத்துக் காத்திருக்கிறான்.

இங்கே வேறோர் அச்சத்தையும் நீக்க வேண்டும். தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே விதைத்தவராவோம் என்று குருமார் பலர் தயங்குகின்றனர். ஆராய்ச்சிகள் அதற்கு ஆதரவு தரவில்லை. அன்போடும் வெளிப்படையாகவும் கேட்பது பெரும்பாலும் துன்புறுவோருக்கு ஆறுதலையே தருகிறது. ஆகவே ஆயர் கேட்கத்தான் வேண்டும். ஆனால் தாளால் அன்று, வாயால். விடை ஆம் என்றால் அவரைத் தனியே விடாதிருக்கவும், நஞ்சு, கயிறு, மாத்திரை ஆகியவற்றை வீட்டாரைக் கொண்டு அகற்றவும், அன்றே மருத்துவரிடம் சேர்க்கவும் அவர் ஆயத்தமாயிருக்க வேண்டும். 2022 அக்டோபர் முதல் இயங்கிவரும் டெலி-மனாஸ் எனும் அரசுத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. ஐந்து உரைகளில் ஒன்றில்கூட இந்த எண் சொல்லப்படவில்லை.

4. நான்கு எழுத்துகளும் நம் ஊழியமும்

நான்காம் உரை ஆளுமை வகைகளைப் பற்றியது. மையர்ஸ்-பிரிக்ஸ் வினாத்தாளை நிரப்பி, பதினாறு வகைகளுள் தத்தம் வகையைக் குருமார் கண்டுகொண்டனர். அறை முழுதும் மகிழ்ச்சி. என்னை அப்படியே படம்பிடித்தாற்போல் இருக்கிறதே என்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தனர். நமக்கும் அப்படியே தோன்றிற்று.

அப்படித் தோன்றுவது சான்றாகுமா? 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் எனும் அமெரிக்க உளவியலார் தம் மாணவர் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனையை நடத்தி, பின்னர் ஒவ்வொருவருக்கும் அவரவர் விவரணையை வழங்கினார். எவ்வளவு பொருத்தம் என்று மதிப்பிடச் சொன்னபோது, ஐந்துக்குச் சராசரியாக 4.26 புள்ளி வழங்கினர். உண்மையில் அனைவருக்கும் தரப்பட்டது ஒரே விவரணை. அதன் பெரும்பகுதியை அவர் ஒரு சோதிட நூலிலிருந்து தொகுத்திருந்தார். கைரேகையையும் கிளிசோதிடத்தையும் பிரசங்க பீடத்திலிருந்து கண்டிக்கும் நாம், அதே மயக்கம் வினாத்தாள் வடிவில் வந்தபோது ஐயுறவில்லை.

மையர்ஸ்-பிரிக்ஸ் அளவையை உருவாக்கிய கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உளவியலில் முறையான பயிற்சி பெற்றவரல்லர். யுங் 1921இல் வெளியிட்ட வகைமைக் கருத்தை விரிவாக்கியவர்கள். தம்மைப் பற்றிச் சிந்திக்கவும், பிறர் தம்மிலும் வேறுபட்டவர் என்று உணரவும் அது ஒரு தொடக்கமாக உதவலாம். ஆனால் ஆட்களைத் தெரிவு செய்யப் பயன்படுத்தலாகாது என்று அதனை வெளியிடும் நிறுவனமே கூறுகிறது. நம்மிடையே நடந்தது என்ன? பயிற்சிக்குப்பின் ஒரு குருவானவரின் இடமாற்றம் பற்றிய பேச்சில், அவர் அகமுகர், நகரச் சபைக்கு ஒத்துவராது என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தலையசைத்ததை நாமே கேட்டோம். அக்குருவானவர் பதினேழு ஆண்டுகளாக வீடு வீடாக நடந்த மனிதர். அந்நடை ஒரு பிற்பகலில் எழுதப்பட்ட நான்கு எழுத்துகளுக்கு முன் எடையற்றதாயிற்று.

5. குருத்துவ வேட்பாளரின் மதிப்பீடு

ஐந்தாம் உரை, குருத்துவத்திற்கு வருவோரை உளவியல் சோதனைகளால் ஆராய்ந்து தெரிவு செய்ய வேண்டும் என்று வலியுறுத்தியது. இதன் நோக்கத்தை நாம் முழுமனதுடன் ஏற்கிறோம். மந்தையைக் காயப்படுத்தக்கூடியவரிடம் மந்தையை ஒப்புவிப்பது பாவம். சிறுவரிடமும் பெண்களிடமும் அத்துமீறிய பணியாளரைத் திருச்சபைகள் மூடிமறைத்த வரலாறு நம் கண்முன் நிற்கிறது.

எனினும் கருவியின் வரலாற்றை உரையாளர் சொல்லாமல் விட்டார். இத்தகைய தெரிவில் மேனாடுகளில் நெடுங்காலம் பயன்பட்டுவரும் மின்னசோட்டா பன்முக ஆளுமைச் சோதனையை ஹாத்தவேயும் மெக்கின்லியும் 1943இல் வெளியிட்டனர். இயல்பானவர் யார் என்பதற்கு அவர்கள் கொண்ட அளவுகோல், பெரும்பாலும் மின்னசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனைக்கு நோயாளரைப் பார்க்க வந்த உறவினரும் நண்பருமே. சமய நம்பிக்கை பற்றிய கேள்விகள் பலவும் அதில் இருந்தன. அவை எதிர்ப்புக்குள்ளாகி, 1989ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் நீக்கப்பட்டன. அதில் பொய்யளவை என்றொரு பகுதியும் உண்டு. மனிதர் யாவரிடமும் காணப்படும் சிறு குறைகளைத் தம்மிடம் இல்லையென்று மறுப்போர் அதில் மிகுந்த புள்ளி பெறுவர். கோபப்படலாகாது, பொய் சொல்லலாகாது என்று ஞாயிறு பள்ளியிலிருந்து கேட்டு வளர்ந்து, தெரிவுக் குழுவின் முன் நடுக்கத்துடன் நிற்கும் ஒரு கிராமத்து இளைஞன் அக்கேள்விகளுக்கு எப்படி விடையளிப்பான் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

தெரிவுக் குழுவொன்றில் நாமும் அமர்ந்திருந்தபோது, வேட்பாளர் ஒருவரின் அறிக்கையில், பிறர் கேளாத குரலைக் கேட்பதாகக் கூறுகிறார் என்று எழுதப்பட்டிருந்தது. குழு மௌனமாயிற்று. அவரை மீண்டும் அழைத்துக் கேட்டோம். கேள்வித்தாளில் கேட்டதற்கு, தேவன் தம்மை அழைத்த குரலைத் தாம் கேட்டதாக உண்மையாய் எழுதினேன் என்றார். சாட்சி சொல்லும் மொழியை நோய்க்குறியின் மொழியாக ஒருவர் வாசித்துவிட்டார். நாம் அழைத்துக் கேட்டிராவிட்டால் அவர் வீடு திரும்பியிருப்பார். அதற்கு முன் அழைத்துக் கேளாமலே நாம் கையெழுத்திட்ட அறிக்கைகள் எத்தனை என்ற கேள்வி நம்மை விட்டு நீங்கவில்லை. ஆகவே நாம் சொல்வது இதுவே: சோதனை நடைபெறட்டும், தகுதிபெற்ற மருத்துவ உளவியலார் நடத்தட்டும், அவர் நம் மக்களின் மொழியையும் பக்தியையும் அறிந்தவராயிருக்கட்டும், முடிவு வேட்பாளருக்கு விளக்கப்படட்டும், நேர்முக உரையாடலுக்கும், அவரை அறிந்த சபையாரின் சாட்சிக்கும் மேலாக எந்த எண்ணும் வைக்கப்படாதிருக்கட்டும்.

6. விடுபட்டவை

இவ்வுரைகள் செபத்தோடு தொடங்கிச் செபத்தோடு முடிந்தன. இடையிலிருந்தவற்றை வங்கி அலுவலர்களுக்கும் அப்படியே வழங்கியிருக்கலாம். திருமறை வந்த இடங்களிலோ, எலியாவுக்கு மனச்சோர்வு நோய், சவுலுக்கு இருதுருவ நோய் என்று பழைய ஏற்பாட்டினருக்கு நோய்ப்பெயர் சூட்டுவதோடு நின்றது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டோரைப் பற்றிய கதையுரையைக் கொண்டு நோயறிவது மருத்துவமும் அன்று, வேதவிளக்கமும் அன்று. சூரைச்செடியின்கீழ் சாக விரும்பிய எலியாவின் நிகழ்ச்சியில் நாம் கற்கவேண்டியது நோயின் பெயரன்று, பராமரிப்பின் வரிசை. முதலில் உறக்கம், அடுத்து உணவு, மீண்டும் உறக்கமும் உணவும், நெடும்பயணம். அதற்குப் பின்னரே கேள்வியும் உரையாடலும் வருகின்றன. நாமோ கேள்வியோடு தொடங்குகிறோம்.

துன்பம் முழுவதும் தனிமனிதனின் உள்ளத்துக்குள்ளேயே இருப்பதாக இவ்வுரைகள் கொண்டன. கந்துவட்டி, குடி, வரதட்சணை, சாதியிழிவு, தேர்வு, விளைச்சல் பொய்த்தல் ஆகியன ஒருமுறையும் பேசப்படவில்லை. குருமாரின் சொந்த உளநலத்திற்கு மூச்சுப்பயிற்சி கற்பிக்கப்பட்டது. வார ஓய்வுநாளின்மை பற்றியும், பிள்ளைகளின் படிப்பு நடுவே வரும் இடமாற்றம் பற்றியும் ஒருவரும் வாய்திறக்கவில்லை.

மேய்ப்புப்பணிக்கும் உளநோய்க்குமான தொடர்பை முறையாகக் கற்பிக்கத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் ஆன்டன் பாய்சன் எனும் அமெரிக்கக் குருவானவர். 1920இல் தாமே கடும் மனநோயுற்று மருத்துவமனையில் அடைக்கப்பட்டவர். தேறியபின் 1924இல் வூஸ்டர் அரசு மனநோய் மருத்துவமனையில் ஆன்மிகப் பணியாளரானார். மறு ஆண்டு கோடையில் இறையியல் மாணவர் நால்வரை அங்கு வரவழைத்தார். அவர்கள் பணியாளராக நோயாளரிடையே உழைத்து, கண்டதையும் கேட்டதையும் எழுதி, அதைக் குழுவாக ஆராய்ந்தனர். நூல்களைப் படிப்பதுபோல உயிருள்ள மனிதரைப் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்பதே பாய்சனின் கொள்கை. நூறாண்டுகளுக்கு முன் ஒரு கோடைக்காலம் முழுவதும் தேவைப்பட்ட கல்வியை நாம் பிற்பகல் ஒன்றரை மணி நேரத்தில் முடித்து, சான்றிதழும் வழங்குகிறோம்.

நம் நாட்டிலும் எடுத்துக்காட்டு உண்டு. அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் வித்யா சாகர் 1950களில் நோயாளரின் உறவினரை வளாகத்தில் கூடாரமிட்டுத் தங்கச் செய்து, அவர்களையும் பராமரிப்பில் பங்காளராக்கினார். வேலூரிலுள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தார் உடன்தங்கும் முறையைக் கைக்கொண்டது. குடும்பத்தை அறிந்தவர் ஆயர்; வீட்டு வாசலைத் தாண்ட உரிமை பெற்றவர் ஆயர். நோயைப் பெயரிடுவது அவர் பணியன்று. நோயாளியைத் தனிமைப்படாமல் காப்பதும், மருந்து நிற்காமல் பார்ப்பதும், வேலைக்கும் ஆராதனைக்கும் அவர் திரும்பி வரும் நாளில் சபை அவரை வெறித்துப் பாராமலிருக்கக் கற்பிப்பதுமே அவர் பணி. கதரேனர் நாட்டில் ஆண்டவர் குணமாக்கிய மனிதனைத் தம்முடன் வைத்துக்கொள்ளவில்லை, அவன் வீட்டாரிடத்திற்கே அனுப்பினார். கட்டுகளை நீக்குவது பாதிப்பணி. வீட்டில் இடமுண்டாக்குவது மறுபாதி.

7. முடிவுரை

பயிற்சிகளைத் திட்டமிடுவோருக்கு நாம் பணிவுடன் முன்வைப்பவை சில. அளவைத்தாள்களைக் குருமார் கையில் படியெடுத்துக் கொடுப்பதை நிறுத்துக. அவற்றின் இயல்பையும் எல்லையையும் விளக்குக. ஒவ்வொரு பயிற்சியிலும் அம்மாவட்டத்தின் அரசு மனநல மருத்துவர் ஒருவரை அழைத்துக் குருமாருக்கு அறிமுகம் செய்க. அத்தொடர்பு பத்து உரைகளுக்கு ஈடாகும். தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கும் முறையை இருவர் இருவராக அமரவைத்துப் பழக்குக. இரகசியம் காத்தலைச் சட்டம் மருத்துவர்மேல் சுமத்துகிறது. குருத்துவம் அதற்கு முன்பே நம்மேல் சுமத்தியிருக்கிறது என்பதை நினைவூட்டுக. நம் கல்லூரிகளோ, ஒவ்வொரு மாணவரும் சில வாரங்களேனும் மனநல மருத்துவமனையில் மேற்பார்வையின்கீழ் பணிசெய்த பின்னரே பட்டம் பெறச் செய்ய வேண்டும்.

சீலோவில் அன்னாள் செபித்தபோது, ஆசாரியனாகிய ஏலி அவள் உதடுகள் அசைவதைக் கண்டு, குரல் கேளாததால், அவள் வெறித்திருக்கிறாள் என்று முடிவு செய்தான். கண்டது சரி, முடிவு தவறு. குறிகளை மட்டும் எண்ணி ஆளைக் கேளாத மதிப்பீடு அது. ஆனால் ஏலியிடம் ஒரு நற்பண்பு இருந்தது. அவள் மறுத்துப் பேசியபோது அவன் கேட்டான். தன் தீர்ப்பை விட்டான். சமாதானத்தோடு அவளை அனுப்பினான். அவளும் போய் உணவுண்டாள். அவள் முகத்தின் துக்கம் நீங்கிற்று. நாமும் தவறுவோம், அளவைத்தாளோடும் தவறுவோம், அது இன்றியும் தவறுவோம். எதிரே நிற்பவர் பேசும்போது கேட்டு, எழுதிவிட்ட முடிவை அழித்தெழுதும் மனத்தை நம் குருமாருக்கும் மாணவருக்கும் இப்பயிற்சிகள் தருமாயின், அவற்றை இன்னும் பலமுறை நடத்த வேண்டும் என்று நாமே முதலில் கேட்போம்.